சரக்கு டிரெய்லருக்குள் பைக்கும் படுக்கையும்: அமெரிக்க பைக்கர்களின் 'வீட்டுத் தயாரிப்பு கேம்பர்'... மிச்சமாகும் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் உள்ள ஸ்டர்ஜிஸ் என்ற சின்ன ஊருக்குப் போகும் சாலைகள் எல்லாம் பைக் சத்தத்தில் அதிரும். ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 7 ஆயிரம் பேர்தான். ஆனால் அங்கே நடக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்குப் பத்து நாளில் வந்து போகிறவர்களின் எண்ணிக்கை லட்சங்களில் இருக்கும். 1938-இல் தொடங்கிய திருவிழா இது.

அத்தனை பேருக்கும் அந்த ஊரில் ரூம் கிடைக்குமா? கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. அதனால் வருகிறவர்களில் நிறைய பேர் கூடாரம் அடிப்பார்கள், இல்லையென்றால் வீட்டையே கையோடு இழுத்துக்கொண்டு வருவார்கள். பிக்கப் வண்டியின் பின்னால் கோத்த டிரெய்லர்தான் அந்த வீடு. பைக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஃபுளோரிடாவில் இருந்து கிளம்பினால் 3 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். 'பைக் திருவிழாவுக்கு பைக்கை ஓட்டிக்கிட்டு வராம ஏத்திக்கிட்டு வர்றியா?' என்ற கிண்டல் அங்கேயும் உண்டு. வயதான முதுகுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும் என்பது ஏற்றிக்கொண்டு வருகிறவர்களின் பதில்.

முன்பக்கம் படுக்கை, சமையல் மேடை; பின்பக்கம் பைக் நிறுத்த இடம்; பின்சுவரே கீழே சாய்ந்து பைக் ஏறும் பாதையாக மாறும். இப்படித் தொழிற்சாலையிலேயே தயாராகி வரும் டிரெய்லருக்கு 'டாய் ஹாலர்' என்று பெயர். பெரியவர்களின் பொம்மைகளைச் சுமக்கும் வண்டி என்று அர்த்தம். பெயரில்தான் பொம்மை, விலையில் இல்லை. புதியது வாங்கினால் சுமார் 30 ஆயிரம் டாலரில் தொடங்கும். பெரிய மாடல்கள் ஒரு லட்சம் டாலரையும் தாண்டும்.

இங்கேதான் இன்னொரு வழி வருகிறது. மூட்டை முடிச்சு, மரச்சாமான், புல்வெட்டும் இயந்திரம் ஏற்றிப் போக அமெரிக்கர்கள் பயன்படுத்தும் சாதாரண மூடிய சரக்கு டிரெய்லரை வாங்கி, உள்ளே கட்டிலும் மின்விளக்கும் போட்டு, சொந்தக் கையாலேயே கேம்பராக மாற்றிவிடுவது. காலி டிரெய்லர் சில ஆயிரம் டாலரில் கிடைத்துவிடும். பிளைவுட், தெர்மாகோல் போன்ற நுரைப் பலகை, பேட்டரி, ஒரு மின்விசிறி, சில வார இறுதிகள். மொத்தச் செலவு புது டாய் ஹாலர் விலையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் வேலையை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடியோக்கள்தான் இப்போது இன்ஸ்டாகிராம் வழியாக நம்ம ஊர் பைக் பிரியர்களின் ஃபோனுக்கும் வந்து சேர்கின்றன.

பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 30 ஆயிரம் டாலர் வண்டிக்கும் 10 ஆயிரம் டாலர் வண்டிக்கும் நடுவில் இருக்கும் அந்த 20 ஆயிரம், வெறும் கம்பெனி லாபமும் சோஃபா துணியும் மட்டும்தானா?

கொரோனா காலத்தில் ஏறிய மோகம்

அமெரிக்காவில் கேம்பர் டிரெய்லர், மோட்டார் ஹோம் எல்லாவற்றையும் சேர்த்து 'ஆர்வி' என்பார்கள். நமக்கு கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும்; அங்கே அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை வாகனம். ஓட்டல், விமானம் இரண்டுமே பயமாக இருந்த கொரோனா காலத்தில் இதற்கு வந்த கிராக்கி கொஞ்சநஞ்சம் அல்ல. ஆர்வி தொழில் சங்கத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலைகளில் இருந்து வெளியே போயின. அதுவரை இல்லாத உச்சம் அது. வேனில் வாழும் பெண்ணைப் பற்றிய 'நோமேட்லேண்ட்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியதும் அதே ஆண்டில்தான்.

பிறகு வட்டி ஏறியது, விலை ஏறியது. 2023-இல் எண்ணிக்கை சுமார் 3 லட்சத்து 13 ஆயிரமாக, கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. 2024-இல் 3 லட்சத்து 33 ஆயிரம் என்று லேசாக நிமிர்ந்திருக்கிறது. ஆசை குறையவில்லை, கடன் வாங்கும் தெம்பு குறைந்துவிட்டது. சொந்தமாகச் செய்துகொள்வோம் என்ற எண்ணம் வலுக்க இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு 2025-இல் இறக்குமதி எஃகு, அலுமினியத்தின் மீது அமெரிக்கா போட்ட வரி முதலில் 25 சதவீதம், ஜூன் மாதத்தில் 50 சதவீதம் என்று உயர்ந்தது. டிரெய்லர் என்பதே எஃகுச் சட்டமும் அலுமினியத் தகடும்தானே.

முதல் சிக்கல்: எடை

சரக்கு டிரெய்லரின் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். வண்டியும் உள்ளே இருப்பவையும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். கட்டில், அலமாரி டிசைன் எல்லாம் பிறகு. முதலில் படிக்க வேண்டியது அந்தத் தகட்டைத்தான்.

6 அடி அகலம், 12 அடி நீளம், ஒற்றை ஆக்சில் உள்ள டிரெய்லர்களில் பலவற்றில் 2,990 பவுண்டு என்று போட்டிருக்கும். அதாவது 1,356 கிலோ. அது என்ன 2,990? அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3 ஆயிரம் பவுண்டை எட்டினால் டிரெய்லருக்கென்று தனியாக பிரேக் இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பத்து பவுண்டு கீழே நிறுத்திவிட்டால் பிரேக் செலவு மிச்சம். நம்ம ஊர் பார்க்கிங் கட்டணத்தில் 59 நிமிடத்தில் வண்டியை எடுக்கும் அதே புத்திசாலித்தனம்.

இப்போது ஒரு கணக்கு. அந்த டிரெய்லரின் காலி எடை 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 756 கிலோ. ஹார்லி டேவிட்சனின் 'ரோட் கிளைட்' போன்ற நெடுந்தூர பைக் ஒன்று ஏறக்குறைய 380 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (195 கிலோ) இரண்டைக் கட்டி வைத்தால் கிட்டத்தட்ட வரும் எடை. கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு ரோட் கிளைட் ஏற்றினால் 760 கிலோ. முடிந்தது கதை. ஒரு தலையணைகூட வைக்காமலே வண்டி 4 கிலோ அதிகம்.

காட்டுப் பாதையில் ஓட்டும் டர்ட் பைக் என்றால் பிரச்சினை இல்லை. ஒன்று 110, 115 கிலோதான் வரும். எனவே 'இந்த அளவு டிரெய்லர் போதுமா?' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்த பைக் என்பதைப் பொறுத்தது.

பெரிய பைக்குக்கு இரட்டை ஆக்சில்தான் சரி. 7 அடி அகலம், 16 அடி நீளமுள்ள டிரெய்லருக்கு 7 ஆயிரம் பவுண்டு, அதாவது 3,175 கிலோ அனுமதி இருக்கும். காலி எடை 1,200 கிலோ, இரண்டு ரோட் கிளைட் 760 கிலோ போனாலும் கையில் 1,215 கிலோ நிற்கும். கூரை ஏசி சுமார் 40 கிலோ, 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, ஜெனரேட்டர், பேட்டரி, பிளைவுட் என்று எல்லாம் சேர்த்தாலும் தாங்கும்.

சரி, டிரெய்லர் தாங்கிவிட்டது. இழுக்கிற வண்டி?

இதைத்தான் பலர் மறக்கிறார்கள். டிரெய்லரின் முன்மூக்கு பிக்கப்பின் கொக்கியில் உட்காரும்போது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது விதி. 3 ஆயிரம் கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. இந்த எடை பிக்கப் சுமக்கும் எடைக் கணக்கில் சேரும். பிக்கப்பின் ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் 700 கிலோ சுமக்கலாம் என்று இருக்கிறது, மூக்கு எடை 400 கிலோ என்றால் மீதி 300 கிலோ. ஆளுக்கு 75 கிலோ என்று நான்கு பேர் ஏறினாலே கணக்கு நேராகிவிடும். பின்தொட்டியில் ஐஸ் பெட்டி வைக்க இடம் இருக்கும், எடை இருக்காது. விளம்பரத்தில் 'ஐந்தாயிரம் கிலோ இழுக்கும்' என்று போட்டிருப்பது இழுக்கும் திறனை மட்டும்தான் சொல்கிறது, சுமக்கும் திறனை அல்ல.

சரி, அந்த 10 சதவீதம் ஏன்? மூக்கில் எடை குறைந்து வால்பக்கம் எடை கூடினால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். ஒரு லாரி பக்கத்தில் கடந்து போகும்போது வரும் காற்று போதும், நெளிவு தொடங்க. தொடங்கிய பிறகு பிக்கப்பின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் நெளிவு மோசமாகும். கடைசியில் பிக்கப்பையும் சேர்த்துப் புரட்டிவிடலாம். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்கு மட்டும் தனியாக உள்ள பிரேக்கைக் கையால் லேசாகக் கொடுப்பதுதான் வழி. 2,990 பவுண்டில் நிறுத்தி பிரேக் செலவை மிச்சம் பிடித்த வண்டியில் அந்தக் கடைசி வழியே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

பைக் பின்கதவு வழியாக ஏறுவதால் அதைப் பின்பக்கமே நிறுத்தத் தோன்றும். ஆனால் அதன் எடை ஆக்சிலுக்கு மேலோ, சற்று முன்னாலோ விழ வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பைக்கோடு சரியாக நிற்கும் டிரெய்லர், பைக்கை இறக்கிய பிறகு சரியாக நிற்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, அது நிரம்பியிருக்கிறதா காலியா என்பதைப் பொறுத்தும் மாறும். ஒரே டிரெய்லர், நான்கு விதமான எடைச் சமநிலை. விவரம் தெரிந்தவர்கள் லாரி எடைமேடைக்குக் கொண்டுபோய் ஏற்றியும் இறக்கியும் எடை போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். செலவு சில டாலர்தான்.

பைக்கைக் கட்டுவதிலும் இதே கதை. தரையில் இருக்கும் பிளைவுட் பலகையில் வளையத்தை ஸ்க்ரூ போட்டு, அதில் பட்டையை இழுத்துக் கட்டினால் நிற்கிற வரைக்கும் நிற்கும். திடீர் பிரேக்கில் 380 கிலோ முன்னால் பாயும்போது பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். அது போய் மோதுவது பெரும்பாலும் படுக்கை, அடுப்பு, கேஸ் சிலிண்டர் இருக்கும் பக்கம். வளையத்தின் போல்ட், பலகைக்கு அடியில் உள்ள எஃகுச் சட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் தாங்கியும், நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டும் பட்டைகளும் வேண்டும்.

பைக்கோடு ஒரே அறையில் தூங்கலாமா?

எடைச் சிக்கல் சாலையில் முடிந்துவிடும். காற்றுச் சிக்கல் ராத்திரி ஆரம்பிக்கும்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் பொருள். பைக்கின் டேங்க் வெயிலில் சூடாகும்போது ஆவி வெளியேறும். கார்புரேட்டர் உள்ள பழைய பைக் என்றால், சாலைக் குலுக்கலில் இரண்டு சொட்டு சிந்தியிருக்கவும் கூடும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு படியும். இப்போது அந்த அறையில் வேறு என்னவெல்லாம் தரை மட்டத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: கேஸில் எரியும் ஹீட்டர், கேஸ் ஃபிரிட்ஜின் சின்னச் சுடர், பேட்டரி சுவிட்ச். கட்டிலுக்கு அடியிலேயே இவற்றை வைப்பதுதான் இடத்தை மிச்சம் பிடிக்கும் வழி என்று செய்முறை வீடியோக்கள் சொல்லும். தீ வைக்க யாரும் வர வேண்டியதில்லை, எல்லாம் உள்ளேயே தயாராக இருக்கிறது.

கூரையில் விசிறி வைத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். தரையோடு தவழும் ஆவியை மேலே உள்ள விசிறி மட்டும் என்ன செய்யும்? அடியில் காற்று நுழையவும் வெளியேறவும் திறப்புகள் இருந்தால்தான் அது நகரும். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு இடுக்கையும் நுரை அடித்து அடைத்துவிட்டு, பிறகு தரைமட்டத்தில் ஓட்டை போட யாருக்கும் மனசு வருவதில்லை.

இரண்டாவது எதிரி கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, தீ விபத்து சாராத தற்செயல் கார்பன் மோனாக்சைடு நச்சால் அந்த நாட்டில் ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள். தலைவலி, மயக்கம், வாந்தி என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

இது ஏதோ அமெரிக்கப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வண்டி நிற்கிறது, ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடுகிறது, கதவு மூடியிருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் உயிரைக் குடித்தது என்பது தெரிந்தது.

டிரெய்லரில் ஆபத்து மூன்று வழியில் வரலாம். 'நகர்த்துவதற்கு ஒரு நிமிஷம்தானே' என்று உள்ளேயே ஸ்டார்ட் செய்யப்படும் பைக். பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டர். குளிருக்கு ஏற்றிவைத்த அடுப்பு. இதற்கான அலாரம் விலை ஒன்றும் பெரிதில்லை. படுத்திருப்பவரின் மூக்கு மட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் போதும். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் பெட்ரோல் ஆவியைக் கண்டுபிடிக்காது. சமையல் கேஸ் கசிவையும் கண்டுபிடிக்காது. கேஸுக்குத் தனி அலாரம், அதுவும் தரைக்குப் பக்கத்தில். புகைக்கு இன்னொன்று, கூரைக்குப் பக்கத்தில். பச்சை விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாகத் தூங்குவதற்கு முன், அந்த விளக்கு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? அனுபவசாலிகள் சொல்வது ரொம்ப எளிமையான விஷயம். போய்ச் சேர்ந்ததும் பைக்கை வெளியே இறக்கு, கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றாட விடு, பிறகு படுக்கையை விரி. அதனால்தான் நல்ல வடிவமைப்புகளில் கட்டில் நிரந்தரமாக இருப்பதில்லை. சுவரோடு மடிந்து நிற்கும், அல்லது கூரைக்கு ஏறிக்கொள்ளும். பயணத்தில் பைக் ஷெட், ராத்திரியில் படுக்கையறை. இரண்டும் ஒரே நேரத்தில் அல்ல.

சொல்வது சுலபம். 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பைக்கை ஊர் பேர் தெரியாத இடத்தில் வெளியே விட்டுவிட்டு யாருக்குத் தூக்கம் வரும்? நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டால்? 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும்' என்று உள்ளே ஏற்றுகிறவர்களைத் திருட்டுப் பயம்தான் ஏற்ற வைக்கிறது, அறியாமை அல்ல. இந்த இடத்தில்தான் விலை உயர்ந்த டாய் ஹாலர் மாடல்களுக்கும் வீட்டுத் தயாரிப்புக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. அந்த மாடல்களில் பைக் அறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் மூடும் கதவோடு தனிச் சுவர் இருக்கும். வீட்டில் செய்கிறவர் முதலில் கைவிடுவது அந்தச் சுவரைத்தான். நான்கு அங்குலம் இடத்தைத் தின்றுவிடுகிறதே.

உள்ளே இருந்து திறக்காத கதவு

இது சின்ன விஷயம், ஆனால் படிக்கும்போதே வயிற்றைப் பிசையும். சரக்கு டிரெய்லரில் மனிதர் தங்குவார் என்று யாரும் நினைத்துச் செய்வதில்லை. அதனால் பல டிரெய்லர்களின் பக்கக் கதவில், கன்டெய்னர் லாரியில் இருப்பது போல வெளியே மட்டும் இயங்கும் இரும்புத் தண்டுப் பூட்டு இருக்கும். வெளியில் இருந்து யாராவது அந்தத் தண்டைத் தள்ளிவிட்டால், உள்ளே படுத்திருப்பவர் எவ்வளவு இடித்தாலும் கதவு திறக்காது. விளையாட்டுக்குச் செய்தாலும் சரி, காலையில் பார்த்த காவலாளி 'பூட்ட மறந்துவிட்டார்கள் போல' என்று நல்லெண்ணத்தில் தள்ளிவிட்டாலும் சரி.

பின்பக்கச் சாய்வுக் கதவு இருக்கிறதே என்றால், அதன் தாழ்ப்பாளும் வெளியில்தான். போதாததற்கு நடுவில் பைக் நிற்கும். எனவே மாற்றும் வேலையில் முதல் நாளே செய்ய வேண்டியது, இரு பக்கமும் திறக்கும் ஆர்வி பூட்டைப் பக்கக் கதவில் பொருத்துவதும், தள்ளினால் முழுதாகத் திறக்கும் ஜன்னல் ஒன்றைப் படுக்கைக்கு அருகில் வைப்பதும். நுரைப் பலகையும் பெட்ரோலும் சேர்ந்து எரிந்தால் வெளியே வரக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

அங்கே ஆர்வி வண்டிகளுக்கு என்.எஃப்.பி.ஏ. 1192 என்று ஒரு பாதுகாப்புத் தரம் இருக்கிறது. அவசர வழி, புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், கேஸ் கசிவு அலாரம், தீயணைப்பான் என்று எல்லாம் அதில் வரும். ஆர்வி தொழில் சங்க உறுப்பினர் நிறுவனங்கள் இந்தத் தரத்தின்படி செய்து முத்திரை ஒட்டி விற்கின்றன. ஆனால் இது தயாரித்து விற்பவர்களுக்கானது. சொந்த டிரெய்லருக்குள் சொந்தக் கையால் கட்டில் போடுகிறவரின் வீட்டுக்கு வந்து யாரும் சோதனை செய்வதில்லை. கேட்க ஆள் இல்லை என்பதால் தேவை இல்லை என்று ஆகிவிடாது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

கேள்வி வேறு இடத்தில் இருந்து வரும். பதிவுப் புத்தகத்தில் வண்டி 'சரக்கு டிரெய்லர்' என்றே இருக்கும். சில மாநிலங்களில் படுக்கை, சமையல் வசதி இவற்றைக் காட்டி கேம்பர் என்று மாற்றிக்கொள்ளலாம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாற்றாமல் விட்டால், உள்ளே தீப்பிடித்து எரிந்த கட்டிலுக்கும் ஏசிக்கும் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தருமா என்பது பெரிய சந்தேகம். அதன் கண்ணில் அது பொருள் ஏற்றும் பெட்டி. தனியார் கேம்ப் மைதானங்களில் சில, முத்திரை இல்லாத வீட்டுத் தயாரிப்புகளை உள்ளே விடுவதில்லை. விற்கும்போதும் போட்ட காசு திரும்பாது. இதையெல்லாம் கூட்டினால், கொரோனா மோகத்தில் வாங்கிவிட்டு இப்போது விற்க நினைப்பவரிடம் பழைய டாய் ஹாலர் ஒன்றை, கூரை ஒழுகுகிறதா என்று பார்த்து வாங்குவது பலருக்கு லாபமாக இருக்கும். வீடியோவுக்கு அது சுவாரசியமாக இருக்காது, அவ்வளவுதான்.

அதற்காக இந்த வேலையே முட்டாள்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. சரக்கு டிரெய்லரின் சட்டம் பாரம் சுமக்கவே செய்யப்பட்டது. பைக் ஏறும் தரைக்கு அது பொருத்தம். குளியலறை, மைக்ரோவேவ் என்று தேவையில்லாததற்குக் காசு கொடுக்க வேண்டாம். டர்ட் பைக் இரண்டு, மடக்குக் கட்டில், பேட்டரி, விசிறி, இரு பக்கமும் திறக்கும் கதவு என்று அளவோடு நிறுத்தியவர்களின் வண்டிகள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரச்சினை வருவது, சின்னப் பெட்டிக்குள் முழு வீட்டையும் இரண்டு பெரிய பைக்கையும் திணிக்கும்போதுதான்.

இந்தியாவில் செய்ய முடியுமா?

வீடியோ பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி. சுருக்கமான பதில்: வீட்டுப் பட்டறையில் செய்ய முடியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை இன்னொரு முறை படிக்கவும். மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரம் உண்டு. அதன்படி அனுமதி பெற்று நிறுவனங்கள் செய்யலாம். கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது இப்படிப்பட்ட வண்டிகளை நம்பித்தான். காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் என்றால் அதற்கும் தனியாக அனுமதியும் பதிவும் வேண்டும்.

அதனால்தான் லடாக் போக ஆசைப்படும் சென்னைப் பையன்கள் இன்றும் பைக்கை ரயிலில் அனுப்புகிறார்கள். சென்ட்ரல் பார்சல் ஆபீஸில் ஆர்.சி. புத்தக நகலைக் கொடுத்து, சாக்கு சுற்றி பேக்கிங் போட்டு, டெல்லிக்கோ சண்டிகருக்கோ பதிவு செய்யலாம். அங்கே முதலில் கேட்பது டேங்க் காலியா என்றுதான். பெட்ரோல் இருந்தால் ஏற்ற மாட்டார்கள். பைக் பார்சல் பெட்டியில் போகும், ஆள் வேறு பெட்டியில் படுத்துப் போவார்.